நாலாம் லயம் இருந்த இடம்

1. செவ்வாய்க்கிழமைக்குள்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியபோது, கணபதி சார் என் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் திட்ட அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அவரே எழுந்து வந்தால் விஷயம் அவசரம் என்று அர்த்தம்.

"என்ன ஸ்டெல்லா, அந்த எஸ்டேட் ஃபைல் இன்னும் ஒங்க டேபிள்லயே தூங்கறதாமே?"

"சைட் பாக்கல சார். பாக்காம எப்படிக் கையெழுத்துப் போட?"

"நாளைக்கே போய்ப் பாத்துட்டு வாங்கோ. செவ்வாய்க்கிழமைக்குள்ள கிளியரன்ஸ் போகலைன்னா இந்த வருஷ லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவா. இடவப்பாதி மழை ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. மழைக்கு முன்னாடி அஸ்திவாரமாவது போட்டுடணும், கேட்டேளா?"

அவர் கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அலுவலகத்தில் எல்லாரிடமும் மலையாளம் பேசுவார்; என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ் வரும். நான் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ் என்று வளர்ந்தவள்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேரிடர் முன்னேற்பாட்டுக்காக அரசுப் பணத்தில் என்ன கட்டினாலும், அது புயல் பாதுகாப்பு மையமோ, சைரன் கோபுரமோ, வெள்ளம் இறைக்கும் பம்ப் ஹவுஸோ, மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் ஒருவர் போய் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். காடு கெடுமா, நீரோட்டம் தடைபடுமா, பழைய கட்டடமோ கல்லறையோ வழிபாட்டு இடமோ இருக்கிறதா என்று பார்த்து ஒரு ஸ்கிரீனிங் ஃபார்ம் நிரப்ப வேண்டும். சேஃப்கார்ட்ஸ் ரெவ்யூ என்று பெயர். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் விழுந்தால் ஃபைல் ஓடும். ஒரு 'ஆம்' விழுந்தால் நின்றுவிடும். அதனால் என்னைக் கண்டால் கான்ட்ராக்டர்களுக்கு முகம் மாறும்.

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் 'இல்லை' போடுவதில் வேகமாகத்தான் இருந்தேன். கடற்கரையில் ஓர் ஊர். புயல் பாதுகாப்பு மையம் வர வேண்டிய இடத்தில் ஒரு புன்னை மரம் நின்றது. நான் பாட்டனி படித்தவள். புன்னை அபூர்வ மரமில்லை என்று தெரியும். 'முக்கியமான மரங்கள் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' போட்டேன். மரத்தை வெட்டிக் கட்டடம் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, கடலிலிருந்து திரும்புகிறவர்கள் அந்த மரத்தின் உச்சியை அடையாளம் வைத்துத்தான் கரை பிடிப்பார்கள் என்று. மீனவர் ஒருவர் என்னிடம் சண்டையெல்லாம் போடவில்லை. "இனி எதப் பாத்துட்டு வருவோம் மேடம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு, நேரில் போய் நிற்காமல் நான் ஒரு கட்டத்திலும் பேனா வைத்ததில்லை.

2. அரை ஏக்கர் சமநிலம்

சனிக்கிழமை காலையில் ஜீப்பில் கிளம்பினேன். நெடுமங்காடு, விதுரை தாண்டி, போனக்காட்டுக்குப் போகும் மலைப்பாதையிலிருந்து பிரிந்து ஏறும் ஓர் எஸ்டேட். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கொழுந்து பறிக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் அங்கே வசிக்கிறார்கள். தொழிற்சாலை மூடிக் கிடந்தது. லயங்களில், அதாவது ஒரே கூரைக்குக் கீழ் பத்துப் பத்தாக இருக்கும் தொழிலாளர் வீடுகளில், முப்பது குடும்பங்கள்போல மிஞ்சியிருந்தன. மழைக்காலத்தில் பாதை அறுந்தால் நாள் கணக்கில் அவர்களை யாரும் எட்ட முடியாது. அவர்களுக்குத்தான் பாதுகாப்பு மையமும் சைரனும்.

என்னை எதிர்கொண்டு அழைத்தவர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிறவர், அங்கன்வாடிக்கும் அவர்தான் உதவி. அவர் கணவர் தங்கையா ஜீப் ஓட்டுகிறவர். லயத்தில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டுமென்றால் அவர்தான் முன்னால் நிற்பார்.

"மேடம், எப்ப வேலை தொடங்குவீங்க?" தங்கையாவின் முதல் கேள்வி இதுதான். "போன மழையில எங்க கூரை ரெண்டு பறந்து போச்சு. பிள்ளைகளத் தொழிற்சாலைக்குள்ள கொண்டு கெடத்தினோம். அங்கயும் ஒழுகுது, கேட்டோ."

தேர்ந்தெடுத்திருந்த இடத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் செங்குத்து மலையில் உள்ளங்கை மாதிரி விரிந்த அரை ஏக்கர் சமநிலம். முழங்கால் உயரத்துக்குப் புல். ஓரத்தில் ஓடை. பின்னால் மலை நேராக எழுந்து மேகத்துக்குள் போயிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து வலிக்கும் உயரம். எங்கள் பொறியாளர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். அந்த எஸ்டேட்டில் வெட்டி நிரப்பாமல் கட்டடம் கட்டக்கூடிய ஒரே இடம் அதுதான்.

நான் புல்லில் இறங்கி நடந்தேன். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், செல்வராணி புல்லின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். தங்கையாவும் அப்படியே.

"இங்க கோயில் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம். கோயில் அங்ஙன மேல."

"பின்ன ஏன் செருப்பக் கழத்துறீங்க?"

செல்வராணி யோசித்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது. "வழக்கம் மேடம். சின்னப் பிள்ளைல இருந்தே இப்படித்தான். மாட்டையும் இதுல கெட்ட மாட்டோம்."

"வேற என்ன செய்ய மாட்டீங்க?"

"ஒண்ணும் நட மாட்டோம். நல்ல மண்ணுதான், நட்டா வெளையும். ஆனா நடல்ல." பிறகு சேர்த்துச் சொன்னார்: "சத்தமாப் பேசவும் மாட்டோம்."

அப்போதுதான் நாங்கள் மூவருமே மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

லயங்களைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தோம். ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் தார் பூசி எண் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு அடுத்தது ஐந்து.

"நாலு எங்க?"

"நாலு இல்ல மேடம்," என்றார் தங்கையா. "மூணுக்குப் பொறவு அஞ்சுதான்."

"முன்னால இருந்து இடிஞ்சிட்டுதா?"

"அது அறியில்ல. எங்களுக்கு ஓர்மை தெரிஞ்ச நாளிலேருந்து நாலு கெடையாது."

கல்லறை, வழிபாட்டு இடம் பற்றிய கேள்விக்கு எதிரே இருந்த இரண்டு கட்டங்களையும் நான் வெறுமனே விட்டுவிட்டேன்.

3. சுவரில் தொங்கிய வரைபடம்

எஸ்டேட் ஆபீஸ் பாதி பூட்டிக் கிடந்தது. அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிய பழைய வரைபடத்தை இறக்கித் துடைத்து மேஜைமேல் வைத்தார். செல்லரித்திருந்தாலும் கோடுகள் தெளிவாக இருந்தன. துணியில் ஒட்டிய தாள், கையால் எழுதிய எண்கள்.

ஓடையைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினேன். மூன்றாம் லயம் வந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, நான் காலையில் நின்ற இடத்தில், பத்துச் சின்னக் கட்டங்கள் வரிசையாக. பக்கத்தில் 4.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் அந்தக் கட்டங்களின் வழியாக நெருக்கமாக ஓடின. கோடுகள் நெருங்கினால் சரிவு என்று அர்த்தம். வரைபடத்தின்படி அங்கே சமநிலமே கிடையாது.

வரைபடத்தைப் போனில் படம் பிடித்து, எங்களுக்கு ஜியாலஜி பார்த்துத் தரும் அனீஷுக்கு அனுப்பினேன். பாலோடு ஊர்க்காரன், முப்பது வயது, ஐந்து வருஷமாக இந்த மலைகளிலேயே சுற்றுகிறவன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"சேச்சி, இப்ப எங்க நிக்கிறீங்க?"

"ஆபீஸ்ல. ஏன்?"

"மேப்புல சரிவு, நேருல சமம். மலைல நிலம் தானாச் சமமாகாது சேச்சி. ஒண்ணு மனுஷன் நிரப்பணும். இல்லன்னா மலை நிரப்பணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நிலச்சரிவை எங்கள் ஊரில் உருள்பொட்டல் என்போம். மலை உருண்டு வந்து சரிவை நிரப்பி, அதன்மேல் புல் முளைத்து, அரை ஏக்கர் சமநிலம் ஆகியிருக்கிறது. காலையில் நான் சந்தோஷமாக நடந்த புல் அது. அதற்கு அடியில் பத்து வீடுகள் இருக்கலாம்.

குமாஸ்தாவிடம் கேட்டேன். எஸ்டேட் இரண்டு மூன்று கை மாறிவிட்டது, பழைய ரிஜிஸ்டர் ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து ஆட்கள் பெரும்பாலும் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள், பிறகு வந்தவர்கள் புது ஆட்கள் என்றார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது.

கணபதி சாரைப் போனில் கூப்பிட்டு, பார்த்ததையெல்லாம் சொல்லி, ட்ரையல் பிட், அதாவது சோதனைக் குழி, தோண்ட வேண்டும் என்றேன்.

"ட்ரையல் பிட்டா? ஸ்டெல்லா, செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேனா இல்லையா? செருப்பைக் கழட்டினான்னு ஒரு ப்ராஜெக்டை நிறுத்தச் சொல்றேளா?"

"செவ்வாய்க்கிழமை காலைல தோண்டிப் பாத்துடலாம் சார். ஒண்ணும் இல்லன்னா அங்க வச்சே கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

"நானே ஃபைலோட வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

4. ஒன்பது அடி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தோம். ஜேசிபி ஏறும் பாதை இல்லை; இருந்தாலும் கையால்தான் தோண்ட வேண்டும் என்று செல்வராணி சொல்லியிருந்தார். லயத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். எல்லாரும் வெறுங்கால். பக்கம் சரிந்துவிடாமல் படிப்படியாக வெட்டச் சொல்லி அனீஷ் அளவு போட்டுக் கொடுத்தான். புல்லின் நடுவில் வேண்டாம், ஓரத்தில் தோண்டுவோம் என்றான். நடுவில் வந்த வேகத்துக்கு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும், ஓரத்தில்தான் சேறு மெதுவாக ஏறியிருக்கும் என்பது அவன் கணக்கு.

முதல் இரண்டு அடி கறுத்த மண். பிறகு ஒழுங்கில்லாமல் கலந்த செம்மண்ணும் கூரான கற்களும். அனீஷ் ஒரு கல்லைக் கையில் எடுத்துக் காட்டினான். ஆற்றுக் கல் உருண்டு மழுங்கியிருக்கும். இதற்கு முனை போகவே இல்லை. மேலிருந்து ஒரே ஓட்டத்தில் வந்த கல். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த படிக்கு அளவு எடுத்தான்.

ஐந்தாவது அடியில் மண் நிறம் மாறியது. நீலச் சாம்பல் களிமண். நீர் கசிந்தது. குளத்தைத் தூர்வாரும்போது வருமே, அந்த வாசனை. மண்வெட்டியை வைத்துவிட்டுச் சின்னக் கரண்டியால் எடுக்கச் சொன்னான் அனீஷ்.

பத்தரை மணிக்குக் கணபதி சார் வந்தார். கையில் ஃபைல். குழி ஓரத்தில் வந்து நின்று, "என்ன, ஏதாவது உண்டோ?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது.

அதே நேரத்தில் குழிக்குள் இருந்தவர், "இங்க பாருங்க, செடி," என்றார்.

களிமண்ணுக்குள்ளிருந்து ஒரு கறுத்த கிளை நீட்டிக்கொண்டிருந்தது. வேர் என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணை விலக்க விலக்க அது கிளைகளாகப் பிரிந்தது, பிறகு தடித்த தண்டாக இறங்கியது. படியில் இறங்கிப் போய் உட்கார்ந்து பார்த்தேன். மரங்களையும் செடிகளையும் பார்ப்பதே என் பிழைப்பு. அது தேயிலைச் செடி. கவாத்து வெட்டிய வெட்டு வாய் அப்படியே தெரிந்தது. யாரோ கத்தியால் சாய்வாக வெட்டிய வெட்டு. சாய்ந்திருக்கவில்லை, பிடுங்கப்பட்டிருக்கவில்லை. நட்ட இடத்தில், நின்ற நிலையில், தலைக்கு மேல் ஐந்தடி மண்ணைச் சுமந்துகொண்டு நின்றது. காற்றுப் புகாத ஈரக் களியில் கட்டை கரிநிறமாகி அழுகாமல் இருந்திருக்கிறது.

"பக்கத்துல பாருங்க," என்றான் அனீஷ். அவன் குரல் அடங்கிப் போயிருந்தது.

நான்கடி தள்ளி இன்னொன்று. அதற்கு நான்கடி தள்ளி இன்னொன்று. ஒரே நேர்க்கோட்டில். பூமிக்கு அடியில் ஒரு தேயிலை வரிசை.

எத்தனையோ இடம் பார்த்திருக்கிறேன். பழைய கோட்டைச் சுவர், இடிந்த அரண்மனைக் குளம், தலைமுறை தலைமுறையாக மழைநீரைக் கொண்டுபோகும் கல் ஓடை. ஆனால் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தபோது வந்த பிரமிப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நான் உட்கார்ந்திருந்தது ஒரு நடைபாதை. கொழுந்துக் கூடையோடு பெண்கள் நடந்த வழி. என் தலைக்கு மேலே தெரிந்த புல்தரைதான் பொய். உண்மையான தரை இதுதான்.

சரிவின் கீழ்ப்பக்கம் இன்னும் தோண்டியபோது, ஒன்பதாவது அடியில் வீட்டுத் தரை தட்டியது. தட்டையான கல் ஒன்று, வாசற்படி. அதற்கு உள்பக்கம் ஒரு அம்மி. குழவி அதன் மேலேயே கிடந்தது.

"இதோட போதும்," என்றேன். தோண்டுவதை நிறுத்தினார்கள்.

கணபதி சார் ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். அறுபதை நெருங்கும் மனுஷர், முழங்கால் வலி உள்ளவர். கீழே போய் வெகுநேரம் நின்றார். ஏறி வந்தபோது கால்சட்டை முழுக்கச் சேறு.

"பாத்தேளா ஸ்டெல்லா? குழவி அம்மி மேலயே இருக்கு," என்றார். "அரைச்சு முடிச்சிருந்தா கழுவி ஓரமா வச்சிருப்பா. பாதியிலே..."

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். செல்வராணி குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பாவோட அத்தை ஒருத்தி. அவளப் பத்திச் சொல்லும்போது அப்பா 'செத்துப்போனா'ன்னு சொல்ல மாட்டாரு மேடம். 'மண்ணுக்குள்ள போனா'ன்னுதான் சொல்லுவாரு. அது ஒரு பேச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். பொதைச்சதத்தான் அப்படிச் சொல்லுதாருன்னு." அவர் குழிக்குள் பார்த்தார். "ஏன்னு நான் கேக்கவே இல்லையே."

அந்த அம்மியை மேலே எடுத்து ஒரு இடத்தில் வைக்கலாமா என்று தங்கையா கேட்டார். செல்வராணி மறுத்துத் தலையசைத்தார். "வேண்டாம். அது அவங்க அடுக்களை. இருக்கட்டும்."

5. தங்கையாவின் கோபம்

மத்தியானம் குழியை மூடினோம். மூடி முடித்ததும்தான் தங்கையாவுக்கு விஷயம் உறைத்தது.

"அப்ப இனி கட்டடம் இல்ல, அப்படித்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குரல் உயர்ந்துவிட்டது. அந்த இடத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள் என்று சொன்ன அதே குடும்பம். "மேடம், அவங்க பாவம்தான், எங்க சொந்தம்தான். ஆனா செத்தவங்களுக்காக உசுரோட இருக்கிறவங்கள விட்டுட்டுப் போவீங்களா? ரெண்டு மாசத்துல மழை வரும். எங்க பிள்ளைகள நாங்க எங்க கொண்டு வைக்க?"

அது நியாயமான கேள்வி. கடற்கரையில் அந்த மீனவர் கேட்டதும் இதைப் போன்ற ஒன்றுதான்.

இந்த முறை பதில் சொன்னது அனீஷ். அவரைக் கைப்பிடித்துப் புல்லின் மேல் ஓரத்துக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டினான். மேகம் அப்போது விலகியிருந்தது. மரங்களுக்கு நடுவே உயரத்தில், கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். அதிலிருந்து புல்தரை வரைக்கும் மரங்கள் எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். இரண்டு பக்கமும் நின்ற காட்டு மரங்களில் பாதிதான் இருக்கும்.

"சேட்டா, அது வந்த வழி அது. அந்த வழி இன்னும் அடைஞ்சிட்டில்ல. வழி இருந்தா பின்னயும் வரும். இப்ப நம்ம நிக்கிறது அதோட வாயில. இங்க கட்டடம் கட்டி, மழைக்கு உங்க எல்லாரையும் அதுக்குள்ள கொண்டு இருத்தினா..."

தங்கையா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். எங்கள் ஃபார்மில் பழைய கல்லறை ஒரு கேள்வி, நிலச்சரிவு அபாயம் வேறொரு கேள்வி. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும். இங்கே இரண்டுக்கும் ஒரே பதில்.

வேறு இடம் செல்வராணிதான் சொன்னார். மலை முதுகில், பாறைமேல், பழைய பெரட்டுக்களம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்தை எஸ்டேட்டில் அப்படித்தான் சொல்வார்கள். குறுகலான இடம், நினைத்த கட்டடத்தில் பாதியளவுதான் வரும். எஸ்டேட் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். அனீஷ் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் சேச்சி," என்றான்.

ஜீப்புக்கு நடக்கும்போது கணபதி சார் சொன்னார்: "இந்த வருஷ லிஸ்ட்லேர்ந்து போயிடும். நான் என்ன எழுதினாலும் போயிடும். நேக்குத் தெரியும். அடுத்த வருஷ லிஸ்ட்ல முதல் பேரா போடச் சொல்லி எழுதறேன். சைட் செலக்‌ஷன்ல நடந்த தப்பு எங்களோடதுன்னும் எழுதறேன்."

"அது உங்க ரெக்கார்டுல வரும் சார்."

"வரட்டும்," என்றார். "கையெழுத்துப் போடணும்னுதானே இன்னிக்கு வந்தேன்?"

6. கட்டடம் இல்லாத மழைக்காலம்

அந்த வருஷ இடவப்பாதியை நான் மறக்க மாட்டேன். ஃபைலை நிறுத்தியது நான். அந்த நான்கு மாதத்தில் அங்கே ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், தேயிலை வரிசையைப் பார்த்த பிரமிப்பெல்லாம் எனக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும்? எங்கள் ஆபீஸ் ஜன்னலில் மழை அடித்தாலே போனை எடுத்துவிடுவேன். ரெட் அலர்ட் வரும்போதெல்லாம் தங்கையா ஜீப்பில் நடை நடையாக அத்தனை பேரையும் கீழே உள்ள பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார். ஐந்து தடவை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் கடைசி நடை முடிந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் வரும். "எல்லாரும் எறங்கியாச்சு." அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

மறு வருஷம் பெரட்டுக்களத்தில் கட்டடம் வந்தது. சின்னதுதான். சமநிலத்தை இனி யாரும் கட்டடத்துக்குக் கேட்கக் கூடாது என்று நாங்கள் மாவட்ட நிர்வாகத்துக்கும் தொல்பொருள் துறைக்கும் எழுதிப் பதிவு செய்தோம்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்க எப்போதாவது கூப்பிடுவார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். 'இங்கே என்ன இருக்கிறது?' என்று ஊர்க்காரர்களிடம் கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. 'இங்கே என்ன செய்ய மாட்டீர்கள்?' என்று கேளுங்கள். என்ன நடந்தது என்பதை மறந்தவர்களுக்கும் அது ஞாபகம் இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

கட்டடம் திறந்த வருஷம் ஜூனில் பார்வையிடப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மரம் விழுந்து நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். சைரன் அடித்தது, எல்லாரும் ஏறி வந்தார்கள். மூன்று நாள். அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மலை, காடு, லயம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர் ஒன்று நான்கு பக்கமும் நின்று இரைந்தது. உள்ளே கஞ்சியும் பயறும் வெந்தன. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் என்னிடம் மூன்று நாளும் சண்டை போட்டார். பிள்ளைகளுக்குச் சலித்துப்போய் சுவரெல்லாம் கரிக்கட்டையால் படம் போட்டார்கள்.

நான்காம் நாள் காலையில் மழை விட்டது. எல்லாரும் வராந்தாவுக்கு வந்தோம். மலை முழுக்க, எண்ண முடியாத அளவுக்கு அருவிகள் வெள்ளை நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. மேலே அந்தப் பள்ளம் பச்சையாக, அப்படியே இருந்தது. கீழே சமநிலத்தில் புல் ஈரமாகப் பளபளத்தது. ஒரு கல்கூட உருளவில்லை.

"பாத்தியளா மேடம்?" என்றார் தங்கையா. "மலை அசையாம நிக்கி. எங்க மூணு நாள் வேலைதான் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் செய்தது சரி என்று நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த மலை இறங்க வேண்டும். அதை யார் வேண்டிக்கொள்வார்கள்? இந்த வேலையில் நிரூபணம் கிடைக்காமல் இருப்பதுதான் கிடைக்கக்கூடிய பெரிய விஷயம்.

செல்வராணி துணி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். "நிக்கட்டும்," என்றார். "நம்மளும் நிக்கோம்லா."

பாறைப்படியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கைப்பிள்ளைகள், பாய், பாத்திரம், ஒரு கூண்டில் கோழிகள். நான் மேலே நின்று எண்ணினேன். நூற்றுப் பதிமூன்று பேர். ஏறி வந்ததும் அத்தனை பேர்தான்.